கூடைப்பந்து மேதை 'பிஸ்டல்' பீட் மாராவிச்

கூடைப்பந்து என்றதும் நம் நண்பர்கள் மைக்கேல் ஜோர்டான் பெயரைத்தான் சொல்வார்கள். ஜோர்டானுக்கு முந்தைய தலைமுறையில், பந்தைத் தட்டிக்கொண்டு போவதையே ஒரு வித்தையாக்கிக் காட்டிய ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். பீட் மாராவிச் என்பது அவர் பெயர். சாயங்காலம் ஒர்க்‌ஷாப் முடிந்து பத்துப் பேர் சேராத நாட்களில், இரண்டே பேர் ஒரே கூடையில் 'ஒன் ஆன் ஒன்' ஆடுகிறோமே, அப்படி ஆடுகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இவருடையது.

பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்ற ஊர். இரும்பாலைத் தொழிலாளர்கள் நிறைந்த இடம். செர்பியாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்த பிரெஸ் மாராவிச் அந்த ஊர்க்காரர். அவரை ஆலைக்குப் போகாமல் காப்பாற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோனது கூடைப்பந்துதான். இரண்டாம் உலகப்போரில் கடற்படை விமானியாக இருந்தார். திரும்பி வந்து கொஞ்ச காலம் தொழில்முறை ஆட்டக்காரர், பிறகு பயிற்சியாளர். 1947-ஆம் ஆண்டு ஜூன் 22-ல் பிறந்த பீட் இவருடைய மகன்.

பிரெஸ் தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆட வைக்கவில்லை. வீட்டுப் பின்புறம் கூடை மாட்டி, பையன் பார்க்கும்படி தான் மட்டும் பந்து போட்டுக்கொண்டே இருப்பாராம். பையன் கேட்டாலும் லேசில் தரமாட்டார். கேட்டுக் கெஞ்சிய பிறகுதான் பந்து கைக்கு வந்தது. இது பாசமா தந்திரமா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். தான் தொடமுடியாததைப் பிள்ளை தொடவேண்டும் என்று ஒரு அப்பா மனசுக்குள் போட்டு வைக்கிற கணக்கு எனக்குக் கொஞ்சம் தெரியும். அதனால் பிரெஸ்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

அப்புறம் நடந்தது கடுந்தவம். வலக்கை, இடக்கை இரண்டாலும் தட்டவேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டவேண்டும். பையன் சைக்கிளில் போகும்போதும் ஒரு கையால் பந்தைத் தட்டிக்கொண்டே போவான். சினிமாவுக்குப் போனால் ஓரத்து சீட்டில் உட்கார்ந்து நடைபாதையில் தட்டுவான். அப்பா காரை ஓட்ட, மகன் ஜன்னல் வழியே கையை நீட்டித் தார்ரோட்டில் தட்டுவான். அப்பா வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், பந்து மட்டும் கையைவிட்டுப் போகக்கூடாது. கால்களுக்கிடையே எட்டு வடிவில் பந்தைச் சுற்றுவது, முதுகுக்குப் பின்னால் கைமாற்றுவது என்று பல பயிற்சிகளை அப்பாவும் மகனும் சேர்ந்தே உருவாக்கிப் பெயரும் வைத்தார்கள்.

இதெல்லாம் சர்க்கஸ் வேலை என்று நினைத்துவிடக்கூடாது. ஒன் ஆன் ஒன் ஆட்டத்தில் பாஸ் கொடுக்க ஆள் கிடையாது. எதிரே நிற்பவனை நாமேதான் தாண்டவேண்டும். அந்த நேரத்தில் நம் கண் பந்தைப் பார்த்தால் அவன் காலைப் பார்க்க முடியாது. அவன் உடம்பு பாரம் எந்தக் காலில் விழுகிறது என்று பார்த்து அந்தப் பக்கமாகத் திரும்பினால்தான் அவனால் சட்டென்று மாறமுடியாது. உள்ளங்கை படாமல் விரல் நுனியால் தட்டிப் பழகியவனுக்குப் பந்து எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலே தெரியும். அதற்குத்தான் அந்தக் கண்கட்டு. நாமோ பந்து கிடைத்ததும் நேரே கூடைக்கு எறியத்தான் பார்க்கிறோம்!

சின்ன வயதில் பந்தின் கனம் தாங்காமல் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து தூக்கி எறிவான். துப்பாக்கி உருவுவதுபோல் இருந்ததால் 'பிஸ்டல்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

கல்லூரிக்கு வெஸ்ட் வர்ஜீனியா போகத்தான் பீட்டுக்கு ஆசை. 1966-ல் பிரெஸ்ஸுக்கு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் வேலை கிடைக்க, மகனும் அங்கேயே சேர வேண்டியதாயிற்று. அந்தக் கால விதிப்படி முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது. ஆகவே அவர் ஆடியது மூன்றே ஆண்டுகள். 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள், சராசரி 44.2. மூன்று புள்ளிக் கோடு அப்போது கல்லூரி ஆட்டத்தில் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொளதொளவென்று சரிந்து விழும் சாம்பல்நிற சாக்ஸ், பறக்கும் தலைமுடி, பார்க்காமலே கொடுக்கிற பாஸ். கூட்டம் அலைமோதியது.

மறுபக்கமும் உண்டு. ஆட்டத்துக்குச் சராசரி 38 தடவை கூடைக்கு எறிந்தார். மற்ற நால்வரும் என்ன செய்வார்கள்? அப்பா பயிற்சியாளர் என்பதால் வந்த சலுகை என்று பேசினார்கள். 1966-67-ல் 26 ஆட்டத்தில் 3 மட்டும் வென்றிருந்த அணி, பீட் ஆடிய கடைசி ஆண்டில் 22 ஆட்டம் வென்றது என்பதும் உண்மை. ஆனாலும் தேசிய சாம்பியன் போட்டிக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. தனியாக ஆளைத் தாண்டுவதில் அவருக்கு நிகரில்லை. ஐந்து பேரோடு ஆடப் பழகுவதற்கு அந்தக் கார் ஜன்னலில் இடம் இருந்ததா என்பது என் சந்தேகம்.

1970-ல் அட்லாண்டா ஹாக்ஸ் பெருந்தொகைக்கு அவரை எடுத்தது. பழைய ஆட்டக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1974-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணிக்கு மாறினார். அதே ஆண்டு அவர் தாயார் தற்கொலை செய்துகொண்டார். குடிப்பழக்கம் அவரையும் வாட்டியது. அந்தத் துயரத்துக்கு நடுவிலும் 1977 பிப்ரவரி 25-ல் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக 68 புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஆண்டே முழங்கால் போயிற்று. 1980-ல் பாஸ்டன் செல்டிக்ஸோடு முடித்துக்கொண்டார். என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு வந்தது அந்தக் கடைசி சீசனில்தான். 15 தடவை எறிந்து 10 போட்டார். கோடு பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால்!

ஓய்வுக்குப் பின் சில வருஷம் தனிமையில் கிடந்தார். 1982-ல் கிறிஸ்தவ நம்பிக்கையில் மனம் திருப்பிய பிறகு குடியை விட்டுச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அப்பாவுடன் செய்த பயிற்சிகளை 1987-ல் நான்கு வீடியோ கேசட்டுகளாக வெளியிட்டார். அதற்கு 'வீட்டுப்பாடக் கூடைப்பந்து' என்று பொருள்படும் பெயர் வைத்தார். கோச் இல்லாத பையனும் ஒரு பந்தை வைத்துக்கொண்டு தானே பழகலாம். அதே ஆண்டு ஏப்ரலில் பிரெஸ் புற்றுநோயால் இறந்தார். சில வாரங்களில் மகன் பெயர் புகழ் மண்டபத்தில் சேர்ந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1988 ஜனவரி 5. கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஒரு சர்ச் ஜிம்மில் நண்பர்களோடு சும்மா ஆடிக்கொண்டிருந்தபோது பீட் சுருண்டு விழுந்தார். வயது 40. உடலைப் பரிசோதித்தபோதுதான் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது தமனி பிறவியிலேயே இல்லை என்று தெரிந்தது. அத்தனை ஆண்டும் ஓடியது ஒரு பக்கத்துக் குழாயை நம்பித்தான். அவருடைய 3,667 ஐம்பத்து நான்கு ஆண்டுகள் நின்றது. 2024 மார்ச் மாதம் கெய்ட்லின் கிளார்க் என்ற அயோவா பல்கலைக்கழக மாணவி அதைத் தாண்டினார்.