போப் ஐயரின் பள்ளிக்கூடங்கள்

பெங்களூரில் தமிழ் ஒலிக்கும் பகுதிகளுள் ஒன்று பிரேசர் டவுன். 1906-ஆம் ஆண்டில் அப்பகுதி உருவாகத் தொடங்குவதற்கு ஒரு தலைமுறை முன்பே, அதே கன்டோன்மென்ட் எல்லைக்குள் ஒரு பள்ளியை நடத்தி வந்தார் ஜி.யு. போப்.

1820-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்து சென்று, 1839-இல் சமயப் பணிக்காகச் சென்னை வந்தவர் அவர். இராமாநுச கவிராயரிடம் முறையாகத் தமிழ் பயின்றார். 1842-இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள சாயர்புரம் சென்று, அங்கே ஒரு கல்விச்சாலையை வளர்த்தார். பனங்காட்டுச் சீமையின் பிள்ளைகள் அங்கே தமிழோடு லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளையும், கணிதம், தருக்கம், தத்துவம் ஆகியவற்றையும் கற்றனர். ஐரோப்பிய அறிஞர்கள் பயிலும் பழம்பெரும் மொழிகள் இக்கிராமத்துச் சிறுவர்க்கும் எட்டும் என்று ஒருவர் நம்பியது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

ஆனால் அவர் மிகவும் கண்டிப்பானவர். கடுமையான ஆசிரியர் என்ற பெயர் அவரை விடாமல் தொடர்ந்தது. தஞ்சையில் சபையாரோடு பிணக்கும் நேர்ந்தது. இவற்றை மறைத்துத்தான் அவரைப் போற்ற வேண்டும் என்பதில்லை.

மாணவரின் இடர்ப்பாட்டையும் அவர் அறிந்திருந்தார். நன்னூல் முதலியவற்றின் சூத்திரங்கள் சிறுவர்க்கு எளிதில் விளங்குவன அல்ல. எனவே இலக்கணத்தை வினா விடையாக வகுத்துப் பள்ளிகளுக்கென நூல்கள் எழுதினார். தமிழ் கற்க விரும்பிய ஐரோப்பியர்க்கும் தனியே ஒரு கைநூல் செய்தார்.

உதகமண்டலத்தில் ஒரு பள்ளியை நடத்திய பின், 1871-இல் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியின் பொறுப்பை ஏற்றுச் சுமார் பத்தாண்டுகள் அங்கே பணியாற்றினார்.

1882-இல் இங்கிலாந்து திரும்பியபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்வு கொள்ளும் பருவம். அவரோ ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கத் தொடங்கினார். 1886-இல் திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பும், 1893-இல் நாலடியாரின் மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. அடுத்துத் திருவாசகம். தம் ஆயுள் அதற்குப் போதாது என்று பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டிடம் அவர் தயங்கினார். பெரிய பணியொன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழும் வழி, அது முடியும்வரை நீர் வாழ்வீர் என்று ஜோவெட் தேற்றினார். ஊக்கியவர் 1893-இல் மறைந்தார். போப்போ தொடர்ந்து உழைத்து, 1900-இல், தம் எண்பதாம் பிறந்தநாளன்று அந்நூலின் முன்னுரைக்கு நாளிட்டார். வேறொரு சமயத்தைப் பரப்ப வந்தவர், தம் சமயப் பற்றை விடாமலேயே, மாணிக்கவாசகரின் கண்ணீருக்குத் தம் முதுமையை ஈந்தார்.

1908 பிப்ரவரியில் அவர் மறைந்தார். தம் கல்லறையில் தமிழ் மாணவன் என்று பொறிக்கச் சொன்னார் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. ஆக்ஸ்போர்டிலுள்ள அக்கல்லில் அச்சொற்கள் இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு நாட்டிய கல் என்றே அதில் எழுதப்பட்டுள்ளது.