வேலியோரக் காடைகளின் தோழர் ஆல்டோ லியோபோல்ட்



நான் விவசாயி வீட்டுப் பிள்ளை. எங்கள் தோட்டத்துக் கிளுவை வேலியை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போட்டபோது நானும் கூடமாட நின்றேன். அடுத்த வருஷமே காலையில் கேட்கும் கௌதாரிச் சத்தம் நின்னு போச்சு. காரணம் அப்போது புரியலை. ஆல்டோ லியோபோல்ட் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் புரிந்தது.

1887 ஜனவரி 11-ல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்து, 1909-ல் வனத்துறையில் சேர்ந்தார். 1924-ல் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகருக்கு மாறினார். சின்ன வயசிலிருந்தே வேட்டைப் பிரியர். ஆனாலும், பறவை ஏன் குறையுதுன்னு யோசித்த வேட்டைக்காரர்!

அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் பாப்வைட் என்ற காடை குறைந்துகொண்டே வந்தது. வேலியோரப் புதர்களை அழித்துவிட்டார்கள். தோப்புகளில் மாடு மேய்ந்து தரை மொட்டையாகிவிட்டது. பனிக்காலத்தில் காடைக்கு ஒளிய இடமில்லை, தின்னத் தானியமில்லை. சுடுவதைச் சட்டம் தடுக்கும். புதரை யார் வளர்ப்பது? நிலம் விவசாயியுடையதாச்சே!

வழி கிடைத்தது ரைலி என்ற சிற்றூரில். வேட்டைக்கு இடம் தேடிப் போனவர், தண்ணீர் கேட்டு ரூபன் பால்சன் என்பவரின் பண்ணையில் நின்றார். கேட்காமலே நிலத்தில் நுழையும் வேட்டைக்காரர்களால் பால்சனுக்குத் தொல்லை. இவருக்கோ பறவை பெருக நிலம் வேணும். இரண்டு பேரும் பேசியதில் 1931-ல் பிறந்ததுதான் ரைலி கூட்டுறவு அமைப்பு. நகரத்து உறுப்பினர்கள் பணமும் நாற்றும் கொடுத்தார்கள். விவசாயிகள் நிலமும் உழைப்பும் தந்தார்கள். புதரும் மரமும் நட்டு, பனிக்காலத்தில் தீவனம் வைத்தார்கள். அனுமதி இல்லாத வேட்டைக்குத் தடை. இரு தரப்புக்கும் லாபம் இருந்ததால் பல வருஷம் நீடித்தது.

1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1935-ல் சத்துப்போன மணல் பண்ணை ஒன்றை வாங்கி, மனைவி, ஐந்து பிள்ளைகளோடு ஆயிரக்கணக்கில் பைன் கன்றுகள் நட்டார். இவருடைய மாணவர்களான ஹாமர்ஸ்ட்ராம் தம்பதியர், அதே மாநிலத்தில் அழிந்துவந்த புல்வெளிக் கோழிகளைக் காக்கப் பல்லாண்டு உழைத்தார்கள்.

1948 ஏப்ரல் 21-ல் பக்கத்துப் பண்ணையில் புல் தீப்பிடித்தது. அணைக்க ஓடியவர் மாரடைப்பால் விழுந்து இறந்தார். வயது 61. புகழ்பெற்ற அவரது நூல் வெளிவந்தது மறு வருஷம்தான்.

தோழர்களே, இந்த மழைக்குக் கம்பி வேலியை ஒட்டிக் கிளுவைக் குச்சி ஊன்றியிருக்கிறேன். முதலில் முனகிய அப்பா இப்போ தண்ணீர் ஊற்றுகிறார். பக்கத்துத் தோட்டத்து மாமாவிடமும் கேட்டிருக்கிறோம். அவர் வேலியும் சேர்ந்தால்தான் பறவைக்கு வழி நீளும். கௌதாரி இன்னும் வரலை. காத்திருக்கிறோம்.