மருந்துக் கம்பெனி முதலாளியின் பாஸ்கெட்பால் டீம்... 8 முறை சாம்பியன், அப்புறம் ஆளையே காணோம்!

துருக்கி பாஸ்கெட்பால்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? யூரோலீக் பார்க்கிற ஆளாக இருந்தால் ஃபெனர்பாச்சே, அனடோலு எஃபெஸ்னு சட்டுனு சொல்லிடுவீங்க. சரி, இப்போ உங்க போனில் துருக்கி ஆண்கள் லீக்கின் பழைய சாம்பியன்கள் பட்டியலைத் தேடிப் பாருங்கள். 1976, 1977, 1978... மூன்று வருஷமும் ஒரே பெயர். 1980, 1981, 1982... திரும்பவும் அதே பெயர். 1988, 1989-லும் அதேதான். மொத்தம் 8 பட்டம். பெயர், எஜ்ஸாஜிபாஷி.

அதற்குப் பிறகு அந்தப் பட்டியலில் இந்தப் பெயர் வரவே இல்லை. தோற்றுப்போனதால் இல்லை. விளையாட டீமே இல்லை!

இப்படி ஒரு டீம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தேடினால் கடைசியில் ஒரு மனிதரிடம் போய் நிற்போம். நெஜாத் எஜ்ஸாஜிபாஷி. அவர் பிளேயர் இல்லை, கோச்சும் இல்லை. கெமிஸ்ட்ரி படித்தவர். துருக்கியில் இன்றைக்கும் ரொம்பப் பிரபலமான பெயர். 1993-ல் இறந்துவிட்டார். அவரைத் தெரிந்துகொள்ளாமல் இந்த டீமின் கதை முழுசாகப் புரியாது.

பெயரிலேயே மருந்துக்கடை

முதலில் அந்தப் பெயர். வாயில் நுழைய கொஞ்சம் சிரமப்படும்தான். ஆனா அர்த்தம் ரொம்ப சிம்பிள். எஜ்ஸாஜி என்றால் மருந்தாளர். பாஷி என்றால் தலைவர். அதாவது, தலைமை மருந்தாளர். நெஜாத்தின் அப்பா சுலைமான் ஃபெரித், இஸ்மிர் நகரத்தில் பெயர்போன மருந்துக்கடைக்காரர். அவருக்குக் கிடைத்த பட்டம்தான் இது. துருக்கியில் 1934-ல் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. அதுவரை பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. இவர்கள் குடும்பம் யோசிக்கவே தேவையில்லாமல் பட்டத்தையே பெயராக்கிக்கொண்டது.

அப்பாவுக்கு இன்னொரு புகழும் உண்டு. கொலோன். துருக்கி வீடுகளுக்குப் போனால், உட்கார்ந்ததும் உங்கள் உள்ளங்கையில் எலுமிச்சை வாசனையோடு கொஞ்சம் கொலோன் ஊற்றுவார்கள். பஸ்ஸில்கூட ஊற்றுவார்கள். நம்ம வீட்டில் வந்தவங்களுக்கு சொம்பில் தண்ணி நீட்டுகிற மாதிரி அது அங்கே மரியாதை. சுலைமான் ஃபெரித்தின் கடையிலிருந்து வந்த 'தங்கத் துளி' என்ற கொலோன் இஸ்மிரின் அடையாளங்களில் ஒன்றாகவே ஆகிப்போனது.

நெஜாத் பிறந்தது 1913-ல், அதே இஸ்மிரில். அந்த வருஷத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடுத்த வருஷமே முதல் உலகப் போர். 1919-ல் கிரேக்கப் படைகள் நகரத்துக்குள் வருகின்றன. 1922 செப்டம்பரில் துருக்கிப் படை நகரத்தைத் திரும்பப் பிடிக்கிறது. அடுத்த சில நாள்களில் பெருந்தீ. நகரத்தின் பெரும்பகுதி சாம்பல். அப்போது நெஜாத்துக்கு 9 வயசு. பத்து வயசு முடிவதற்குள் ஒரு சாம்ராஜ்யம் செத்து, ஒரு குடியரசு பிறந்ததைப் பார்த்த தலைமுறை அது. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி அவர் செய்த பல வேலைகளில், புது நாட்டுக்கு எது எது இல்லையோ அதையெல்லாம் நாமே செய்யணும் என்கிற ஒரு பிடிவாதம் தெரியும்.

இஸ்தான்புல்லில் ராபர்ட் காலேஜ். அப்புறம் ஜெர்மனியின் ஹைடல்பெர்க். அங்கிருந்து அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். பிறகு பெர்லினில் டாக்டர் பட்டம். பெர்லினில் அவருக்கு வழிகாட்டியவர் யார் தெரியுமா? ஹார்மோன் ஆராய்ச்சிக்காக 1939-ல் கெமிஸ்ட்ரி நோபல் பரிசுக்குத் தேர்வான அடால்ஃப் பூடெனான்ட். இந்த ரெஸ்யூமேவோடு ஊர் திரும்பின பையன் அப்பா கடையில் உட்கார்ந்து கல்லாவைப் பார்த்திருக்கலாம். லைஃப் செட்டில். ஆனால் அவர் இஸ்தான்புல்லுக்குப் போய், 1942-ல் சொந்தமாக ஒரு சின்ன லேப் ஆரம்பித்தார். உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். துருக்கி அப்போது போரில் இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து மருந்து வருவது ததிங்கிணத்தோம் போட்டது. அவர் முதலில் கையில் எடுத்தது வைட்டமின்.

வைட்டமின். இந்த வார்த்தையை மறந்துடாதீங்க, கடைசியில் திரும்ப வரும்.

1952-ல் இஸ்தான்புல்லின் லெவென்ட் பகுதியில் பெரிய மருந்துத் தொழிற்சாலை திறந்தார். துருக்கியின் முதல் நவீன மருந்து ஃபேக்டரி என்று அதைத்தான் சொல்கிறார்கள். கூடவே பீங்கான் தொழில். காபி கப்பில் தொடங்கி வாஷ்பேசின், டாய்லெட் வரை போனது. விட்ரா என்ற பிராண்டை நம்ம ஊர் ஹோட்டல் பாத்ரூமில்கூட நீங்கள் பார்த்திருக்கலாம். அதுவும் இவங்களோடதுதான். 1969-ல் டிஷ்யூ பேப்பர். அவர்களின் செல்பாக் என்ற பெயர் அங்கே டிஷ்யூவுக்கே பொதுப்பெயராகிவிட்டது, நாம போட்டோகாப்பிக்கு ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி.

மருந்தா, பீரா?

இப்போ மைதானத்துக்கு வருவோம்.

1966. அந்த வருஷம் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, நெஜாத் தலைமையிலான குழுமம் எஜ்ஸாஜிபாஷி ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியது. இரண்டு, துருக்கியின் தேசிய பாஸ்கெட்பால் லீக் தன் முதல் சீசனைத் தொடங்கியது. ரெண்டும் ஒரே வயசு.

அதுவரை துருக்கியில் ஸ்போர்ட்ஸ் கிளப் என்றாலே பெஷிக்டாஷ், கலாட்டாசராய், ஃபெனர்பாச்சேதான். 1903, 1905, 1907 என்று வரிசையாகப் பிறந்த கிளப்கள். அவற்றுக்கு ஏரியா உண்டு, கலர் உண்டு, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற வெறி உண்டு. பாஸ்கெட்பாலில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. லீக்கின் முதல் வருஷங்களில் ஆதிக்கம் செலுத்தியது ஒரு எஞ்சினீயரிங் யுனிவர்சிட்டி டீம்! இஸ்தான்புல் டெக்னிக்கல் யுனிவர்சிட்டி 1968-ல் ஒரு பட்டம், 1970-லிருந்து 1973 வரை தொடர்ந்து நான்கு பட்டம் ஜெயித்தது. படிச்சவங்க ஆட்டம் என்ற இமேஜ் இந்த விளையாட்டுக்கு இருந்தது.

1976-ல் எஜ்ஸாஜிபாஷி முதல் முறையாக சாம்பியன். அடுத்த இரண்டு வருஷமும் அவர்களேதான். கம்பெனி டீம் என்றால் சும்மா விளம்பரத்துக்கு என்று நினைத்தவர்கள் வாயை மூடிய காலம் அது.

அதே 1976-ல் வேறொரு கம்பெனியும் களத்தில் குதித்தது. எஃபெஸ் பில்சன். பீர் கம்பெனி. 1979-ல் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த மூன்று வருஷம் எஜ்ஸாஜிபாஷி பதிலடி கொடுத்தது. 1983, 1984 மறுபடி எஃபெஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்... 1976-லிருந்து 1984 வரை 9 சீசன். 6 பட்டம் மருந்துக் கம்பெனிக்கு, 3 பட்டம் பீர் கம்பெனிக்கு. கலாட்டாசராயும் ஃபெனர்பாச்சேயும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். மருந்தா பீரா என்று ஒரு நாட்டின் சாம்பியன்ஷிப்பே நடந்திருக்கிறது. இதைவிட நல்ல மீம் டெம்ப்ளேட் கிடைக்குமா சொல்லுங்க!

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வருஷங்கள் துருக்கிக்கு லேசான வருஷங்கள் இல்லை. 1970-களின் கடைசியில் இடதுசாரி, வலதுசாரி இளைஞர்கள் தெருவில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். விலைவாசி எகிறியது, சாமான் தட்டுப்பாடு வேறு. 1980 செப்டம்பர் 12-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சாயங்காலம் மேட்ச் பார்த்துவிட்டு வீடு திரும்புவதே ஒரு ரிஸ்க்காக இருந்த ஊரில், ஒரு இன்டோர் ஹாலில் பந்து கூடைக்குள் விழுவதைப் பார்க்க ஜனங்கள் போயிருக்கிறார்கள். வெறும் கோப்பைகளின் எண்ணிக்கையாக மட்டும் இதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

திருவிழாவும் நெஜாத்தும்

டீம் ஜெயிக்கத் தொடங்குவதற்கு மூன்று வருஷம் முன்னால் நெஜாத் வேறொரு காரியம் செய்தார். 1973. குடியரசின் 50-வது ஆண்டு. இஸ்தான்புல் கலாசார, கலை அறக்கட்டளை என்ற அமைப்பு உருவாவதற்கு முன்னின்றார். அந்த வருஷமே முதல் இஸ்தான்புல் திருவிழா நடந்தது. இன்றைக்கு நீங்கள் கேள்விப்படுகிற இஸ்தான்புல் ஃபிலிம் ஃபெஸ்டிவல், ஜாஸ் ஃபெஸ்டிவல், 1987-ல் தொடங்கிய பியனாலே எல்லாமே அந்த வேரிலிருந்து கிளைத்தவைதான். நவீன ஓவியத்துக்கு ஒரு மியூசியம் வேண்டும் என்பதும் அவருடைய ஆசை. அது அவர் இருக்கும்போது நடக்கவில்லை. 2004-ல், அவர் இறந்து 11 வருஷம் கழித்து, இஸ்தான்புல் மாடர்ன் கடலோரத்துப் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் திறக்கப்பட்டது.

இதை ஏன் பாஸ்கெட்பால் கதைக்கு நடுவில் சொல்றேன்னு கேட்கலாம். வித்தியாசத்தைக் கவனியுங்கள். கலைக்கு அவர் அறக்கட்டளை அமைத்தார். அதற்குத் தனி உறுப்பினர்கள், தனி நிர்வாகம், கம்பெனியைத் தாண்டி வாழக்கூடிய ஒரு உடம்பு. டீமுக்கு அந்த மாதிரி ஒன்று இல்லை. அது கம்பெனியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த குழந்தை.

1988, 1989-ல் இன்னும் இரண்டு பட்டம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆண்கள் பாஸ்கெட்பால் பிரிவு மூடப்பட்டது. அவ்வளவுதான். கடன்பட்டு, தோற்று, இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கி, ரசிகர்கள் அழுது... இந்த மாதிரி எந்த டிராமாவும் இல்லாமல் 8 முறை சாம்பியனான ஒரு டீம் இல்லாமல் போனது. ஃபெனர்பாச்சே இப்படி ஒரு பிரிவை மூடியிருந்தால் அந்த ஏரியாவே தெருவுக்கு வந்திருக்கும். கம்பெனி டீமுக்காகத் தெருவுக்கு வர யாரும் இல்லை. என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே மனசை உறுத்துகிற இடம் அதுதான்.

இது எஜ்ஸாஜிபாஷிக்கு மட்டும் நடந்ததில்லை. டோஃபாஷ் என்ற கார் கம்பெனி டீம் 1999, 2000 என்று இரண்டு வருஷம் தொடர்ந்து சாம்பியன் ஆனது. ஆன கையோடு 2000-ல் கம்பெனி டீமை இழுத்து மூடியது. பிறகு பல வருஷம் கழித்துத்தான் மேல் லீக்குக்குத் திரும்பி வந்தார்கள். பிஸ்கட் கம்பெனியான உல்கர் நான்கு பட்டம் ஜெயித்த பிறகு, 2006-ல் ஃபெனர்பாச்சேயோடு கைகோத்துத் தன் டீமைக் கரைத்துக்கொண்டது. எஃபெஸ் மட்டும் நின்றது. 1996-ல் கோராச் கோப்பை ஜெயித்து, ஐரோப்பியக் கோப்பை தூக்கிய முதல் துருக்கி பாஸ்கெட்பால் டீம் ஆனது. மது பிராண்ட் பெயர் விளையாட்டில் கூடாது என்று விதி வந்தபோது 2011-ல் பெயரை அனடோலு எஃபெஸ் என்று மாற்றிக்கொண்டது. 2021, 2022-ல் யூரோலீக் சாம்பியன். மருந்துக் கம்பெனிக்கு எதிராக வளர்ந்த பீர் கம்பெனி டீம் ஐரோப்பாவின் உச்சிக்குப் போனபோது, அந்தப் பழைய எதிராளி பார்க்க அங்கே இல்லை.

நெஜாத் 1993 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் காலமானார். வயசு 80. அவர் லெவென்ட்டில் கட்டிய மருந்து ஃபேக்டரியும் இப்போது இல்லை. அந்த இடத்தில் 2006-லிருந்து கன்யான் என்ற ஷாப்பிங் மால் இருக்கிறது. மேலே கூரை இல்லாமல், பள்ளத்தாக்கு மாதிரி வளைந்து போகும். இஸ்தான்புல் டிராவல் ரீல்ஸில் நீங்க அதைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. மருந்துத் தயாரிப்புத் தொழிலின் பெரும்பங்கையும் குழுமம் 2007-ல் ஒரு வெளிநாட்டு கம்பெனிக்கு விற்றுவிட்டது.

ஆனால் கிளப் சாகவில்லை. 1966-ல் தொடங்கிய அதே கிளப்பில் பெண்கள் வாலிபால் டீம் மட்டும் தொடர்ந்து ஓடியது. தலைவர் பொறுப்புக்கு நெஜாத்தின் இளைய மகன் ஃபாரூக் வந்தார். அந்தப் பெண்கள் 2015-ல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தார்கள். 2015, 2016 இரண்டு வருஷமும் உலக கிளப் சாம்பியன்ஷிப். ஆண்கள் பாஸ்கெட்பால் டீம் உள்நாட்டு லீக்கில் காட்டிய ஆதிக்கத்தை, இவர்கள் உலகத்துக்கே ஆடிக் காட்டினார்கள்.

அப்போது அவர்கள் ஜெர்சியில் இருந்த பெயர் விட்ரா, அந்த வாஷ்பேசின் பிராண்ட். பிறகு அதை மாற்றினார்கள். இப்போது அவர்களின் மேட்ச் வீடியோ ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள். நெஞ்சில் டைனாவிட் என்று எழுதியிருக்கும்.

அது ஒரு வைட்டமின் மாத்திரை.