அறிவைப் பகிர்ந்த பெருமகன் விக்ரம் சாராபாய்



நாம் வாழும் பிடோக் வட்டாரம் முன்னாளில் குன்றுகளும் மீனவர் குடில்களும் கொண்ட கடலோரமாய் இருந்தது. 1960-களில் தொடங்கிய பெரும்பணியில் குன்றுகளை வெட்டிக் கடலைத் தூர்த்தனர். பின்னர் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ஊர் வளர்வதற்காக மீனவர் தம் இடத்தை விட்டுக் கொடுத்தனர். அவ்வாறே மீனவர் விட்டுக் கொடுத்த நிலத்தில்தான் இந்தியாவின் விண்வெளி முயற்சியும் தொடங்கிற்று. அதனைத் தொடங்கி வைத்தவர் டாக்டர் விக்ரம் சாராபாய். அவர்தம் வாழ்வை ஈண்டுக் காண்போம்.

விக்ரம் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் பெரும் ஆலை முதலாளி, அன்னையார் சரளாதேவி. செல்வத்தில் பிறந்தும் அவர் நாடியது கல்விச் செல்வத்தையே. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பயின்றார். உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மாணவராய்ச் சேர்ந்தார். விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்களை ஆராய்ந்து, 1947-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு நவம்பரில், தமது 28-ஆம் வயதில், அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். நெசவாலைகளுக்கென ஓர் ஆராய்ச்சிக் கழகம், 1961-இல் மேலாண்மைக் கல்வி நிலையம், 1966-இல் சிறுவரும் பொதுமக்களும் அறிவியல் பயிலும் சமூக அறிவியல் மையம் என அவர் முயற்சியால் எழுந்த நிலையங்கள் பல. பூட்டி வைத்த அறிவு எவர்க்கும் பயன்படாது என்பதே அவர் செயல்கள் நமக்கு உணர்த்தும் பாடமாகும்.

1962-இல் இந்திய விண்வெளி ஆய்வுக்குழு அவர் தலைமையில் அமைந்தது. ராக்கெட் ஏவுவதற்கு ஏற்ற இடம் தேடினர். பூமியின் காந்த நடுக்கோடு செல்லும் பகுதியில், திருவனந்தபுரத்திற்கு அருகில், தும்பா என்னும் மீனவச் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கோ மக்கள் போற்றும் மாதா கோயில் இருந்தது. வழிபாட்டிடத்தையும் வாழ்ந்த மனையையும் துறப்பது எளிதா? ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா இக்கோரிக்கையை மக்கள் முன் வைத்தார். மக்கள் இசைந்தனர். கோயிலும் ஆயர் இல்லமும் தொழிற்கூடமும் அலுவலகமுமாய் மாறின. ராக்கெட்டின் பகுதிகள் மிதிவண்டியிலும் சென்றன!

இந்திய இளம் பொறியாளர் சிலர் அமெரிக்கா சென்று பயிற்சி பெற்றனர். 1963 நவம்பர் 21-ஆம் நாள் மாலை முதல் ராக்கெட் விண்ணை நோக்கிப் பாய்ந்தது. ராக்கெட் அமெரிக்காவுடையது, அது சுமந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சினுடையது, சோவியத் நாடும் உதவிற்று. தாம் பெற்றதைச் சாராபாய் தமக்கெனச் சேர்த்து வைத்துக் கொள்ளவில்லை. 1968 பிப்ரவரி 2-ஆம் நாள் தும்பா நிலையம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பிற நாட்டு அறிஞரும் அங்கு வந்து ஆய்வு செய்யலாயினர்.

வறியவர் நிறைந்த நாட்டிற்கு ராக்கெட் எதற்கு என்று கேட்டோரும் உண்டு. அதற்கு அவர் செயலால் விடையளித்தார். துணைக்கோளத்தின் வழியே சிற்றூர்களுக்குக் கல்வியும் வேளாண்மை அறிவும் சேர்க்க எண்ணி, அமெரிக்காவுடன் 1969-இல் உடன்பாடு கண்டார். 1975-76-இல் 2,400 சிற்றூர்களின் மக்கள் அதன் பயனைத் தொலைக்காட்சியில் கண்டனர்.

துணைக்கோளத்தை ஏந்திச் செல்லும் ராக்கெட்டை நம்மவரே ஆக்க வேண்டும் எனவும் அவர் திட்டமிட்டார். அதன் நான்கு அடுக்குகளையும் ஒருவரிடமே ஒப்படைக்கவில்லை. கோவாரிகர், குருப், முத்துநாயகம், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் ஆகிய நால்வர்க்கும் பகிர்ந்தளித்தார். இளையோரை நம்பிப் பெரும்பொறுப்பை அளிப்பது அவர் இயல்பு.

அந்தோ! 1971 டிசம்பர் 30-ஆம் நாள், தும்பாப் பணிகளைப் பார்வையிட வந்திருந்த அப்பெருமகன் கோவளத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 52. இந்தியத் துணைக்கோளம் ஒன்றையேனும் அவர் காணவில்லை.

ஆயினும் பணி நிற்கவில்லை. சதீஷ் தவான் தலைமையேற்றார். ராக்கெட் திட்டத்தைக் கலாம் நடத்தினார். 1979 ஆகஸ்டில் முதல் முயற்சி கடலில் வீழ்ந்தது. தவான் பழியைத் தாம் ஏற்றார். குழுவினர் பிழையை ஆராய்ந்து திருத்தினர். 1980 ஜூலை 18-ஆம் நாள் ரோகிணி துணைக்கோளம் பூமியைச் சுற்றலாயிற்று. நம் சிங்கப்பூரில் உருவான முதல் துணைக்கோளமாகிய எக்ஸ்-சாட்டும் 2011-இல் இந்திய ராக்கெட்டிலேயே விண்ணேகியது. 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் நிலவின் தென்முனை அருகே இறங்கிய இந்தியக் கலத்தின் பெயரும் விக்ரமே!

மாணவச் செல்வங்களே! ஒருவர் தாம் கற்றதைத் தம்முடன் வைத்துக் கொண்டால், அவர் மறையும்போது அதுவும் மறையும். பலர்க்கும் வழங்கினால் அது நிலைத்து வாழும். வகுப்பில் உங்களுக்குப் புரிந்த கணக்கைப் புரியாத நண்பருக்குச் சொல்லிக் கொடுங்கள். பெற்றோர்களே, தொழிலாளத் தோழர்களே, உங்கள் கைத்தொழிலின் நுட்பத்தை இளையோர்க்கு அளியுங்கள். கற்றதைப் பகிர்வோம், கூடி உழைப்போம், உயர்வோமாக!