பிராய்டின் உயிரைக் காத்த குள்ளர்

கனவுகளுக்கு விளக்கம் தந்த மேதை, சிக்மண்ட் பிராய்டு. ஒரு நாள் அவருடைய உயிர் மயிரிழையில் தப்பியது. அன்று ஓடிப் போய் உதவி தேடியவர் டாக்டர் அல்ல. அவருடைய அறையில் இருந்த இன்னொரு நோயாளி!

பிராய்டு 1856-ம் ஆண்டு மே 6-ந் தேதி பிறந்தார். தந்தை கம்பளி வியாபாரி. சிறு வயதிலேயே குடும்பம் வியன்னா நகரில் குடியேறியது. அங்கே படித்து டாக்டர் ஆனார். மனநோய் மருத்துவத்தில் புதிய வழி கண்டு உலகப் புகழ் பெற்றார்.

சுருட்டுப் பழக்கம்

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தினமும் 20 சுருட்டு வரை பிடிப்பார்.

1923-ம் ஆண்டு, மேல்தாடையின் வலது பக்கத்தில் ஒரு கட்டி தோன்றியது. ஏப்ரல் மாதம், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஆபரேஷனுக்குப் போனார். அன்றே வீடு திரும்பிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

ஆனால் ரத்தம் அதிகமாக வெளியேறியது. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதாயிற்று. தகவல் அறிந்து மனைவி மார்த்தாவும், மகள் அன்னாவும் ஓடி வந்தார்கள். தனி அறை இல்லை. குள்ளர் ஒருவர் இருந்த சிறு அறையில் பிராய்டுக்கும் படுக்கை போட்டார்கள்.

மணி அடிக்கவில்லை

மதியம், சாப்பிட்டு வரும்படி தாயும் மகளும் அனுப்பப்பட்டார்கள். அந்த நேரத்தில் மறுபடியும் ரத்தம் பெருக்கெடுத்தது! பிராய்டு அழைப்பு மணியை அழுத்தினார். அது பழுதாகி இருந்தது. கூப்பிடவோ வாய் திறந்து பேச முடியவில்லை.

அதைப் பார்த்த குள்ளர் ஓடிப் போய் நர்சுகளை அழைத்து வந்தார். பெரும்பாடு பட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள்.

திரும்பி வந்த அன்னா, அதன் பிறகு தந்தையை விட்டு நகரவில்லை. இரவு முழுவதும் கண் விழித்து அருகிலேயே இருந்தார்.

வாயில் ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் நின்ற பிறகும், உறைந்த ரத்தம் விலகினால் மீண்டும் பெருகலாம். சில மணி நேரம் கழித்தும் வரலாம். சில நாள் கழித்தும் வரலாம். அதனால்தான் நோயாளியின் அருகில் ஒருவர் இருப்பது அவசியம்.

மகளின் பணிவிடை

கட்டி, புற்றுநோய் என்று தெரிந்தது. அக்டோபரில் வேறொரு டாக்டர் மேல்தாடையின் ஒரு பகுதியையே அகற்றினார். அந்த இடத்தில் செயற்கைத் தாடை பொருத்தப்பட்டது. அதன் பின் 30-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள்! அத்தனையிலும் அன்னாவே துணை.

அந்தப் பிற்பகலுக்குப் பிறகு பிராய்டு 16 ஆண்டுகள் வாழ்ந்தார். பல நூல்கள் எழுதினார். 1939-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி லண்டனில் காலமானார்.

அந்த 16 ஆண்டுகளும், ஓடிப் போய் ஆள் அழைத்து வந்த ஒரு நோயாளியால் கிடைத்தவை!