காத்திருந்த ஊழியர்: ஹட்ஸன் டெய்லர்

நாளை வீட்டைக் காலி செய்யவிருப்பவன் இன்று அதன் கூரையை வேய்வதில்லை. இஃது உலகியல் அறிவு. அங்ஙனமாயின், ஆண்டவர் எந்நாளிலும் திரும்ப வரக்கூடுமென்று நம்புகிற ஒருவர், பல்லாண்டு உழைத்து முடிக்கவேண்டிய வேலையில் கைவைப்பாரோ? இவ்வினாவிற்குத் தருக்கத்தில் விடை தேடுவதினும் ஒருவரது வாழ்க்கையில் தேடுதல் நலம். சீன உள்நாட்டு மிஷனை நிறுவிய ஹட்ஸன் டெய்லர் பெருந்தகையின் வரலாறு அதற்கு ஏற்றதாகும்.

இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி என்னும் ஊரில், மருந்து வணிகர் ஒருவரின் மகனாக 1832-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் அவர் பிறந்தார். பதினேழாம் வயதில் மனந்திரும்பினார். சில மாதங்களுக்குள் சீனதேசமே தமக்குக் குறிக்கப்பட்ட இடமென உணர்ந்தார். அந்நாட்களில் வேதத்தை ஆராயுங்கால், கர்த்தர் நேரில் திரும்ப வருவார் என்பதும், அவ்வருகை எப்போதும் நிகழக்கூடும் என்பதும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றினோர் அவ்வருகைக்கு நாள் குறித்து, 1844-ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று காத்திருந்து ஏமாற்றமடைந்தது சில ஆண்டுகளுக்கு முன்புதான். டெய்லர் நாள் குறிக்கவில்லை. தம் சிறு நூற்றொகுதியையும் உடைப்பெட்டியையும் திறந்து பார்த்தார்; தமக்குத் தேவையற்றவற்றைப் பிரித்தெடுத்து ஏழைகளுக்கும் அயலாருக்கும் கொடுத்துவிட்டார். தலைவர் வந்து கணக்குக் கேட்கையில், பயனின்றிப் பூட்டிவைத்த பொருள் தம்மிடம் இருத்தலாகாது என்பது அவர் கருத்து. பிற்காலத்திலும் வீடு முழுவதையும் அவ்வப்போது இவ்வாறு சோதிப்பதை அவர் வழக்கமாகக் கொண்டார்.

பொருளைப் பற்றிய பிடி இவ்வாறு தளர்ந்ததேயன்றி, உழைப்பு தளர்ந்ததில்லை. 1854-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் ஷாங்காய் நகரை அடைந்த அவர், மறு ஆண்டே முன்தலையை மழித்துப் பின்சடை தரித்துச் சீன உடை உடுத்தார். உடன்வாழ்ந்த ஐரோப்பியர் பலர் எள்ளி நகைத்தனர். 1860-இல் நோயுற்றுத் தாயகம் திரும்பியபோதும் சோம்பியிருந்தாரல்லர். இடையில் விட்ட மருத்துவக் கல்வியைத் தொடர்ந்து 1862-இல் தேர்ச்சி பெற்றார். நிங்போ மக்களின் பேச்சுமொழியிலான புதிய ஏற்பாட்டைத் திருத்தும் பணியில் ஆண்டுக்கணக்காக ஈடுபட்டார். இன்றே முடிவு வரலாமென்று நம்பியவர், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி நம் சிந்தனைக்குரியது.

அவ்வறையின் சுவரில் சீனதேசப் படம் ஒன்று தொங்கிற்று. உள்நாட்டில் பதினொரு மாகாணங்களில் சீர்திருத்தத் திருச்சபையின் மிஷனெரி ஒருவர்கூட இல்லை. 1865-ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று பிரைட்டன் கடற்கரையில், இருபத்துநான்கு ஊழியர்களைத் தரும்படி அவர் ஜெபித்தார். புதிய மிஷனின் பெயரால் பத்துப் பவுனைக் கட்டி வங்கிக் கணக்குத் தொடங்கினார். மறு ஆண்டு மே 26 அன்று முதற்பெருங்குழு லாமர்மியூர் என்னும் கப்பலில் புறப்பட்டது.

அவரது முறையில் குறை காண்போரும் இருந்தனர். தூரதேசங்களெங்கும் விரைந்து பிரசங்கித்தல் மட்டும் போதாது. கல்வியாலும் நூல்களாலும் ஒரு நாட்டின் மனத்தை மெல்லப் பண்படுத்தல் வேண்டும் என்பது, அங்கேயே உழைத்த திமொத்தி ரிச்சர்டு அவர்களின் கொள்கை. மிஷன் கல்லூரியில் பயிலும் நாம் அதனை எளிதில் ஒதுக்கலாகாது. எனினும் டெய்லரின் மிஷனும் மருத்துவமனைகளை நடத்தியது. 1881-இல் சீஃபூ நகரில் பள்ளியொன்றைத் தொடங்கியது.

காத்திருந்த காலம் அவருக்குத் துயரமின்றிக் கழியவில்லை. 1867-இல் எட்டு வயது மகள் கிரேஸ் இறந்தாள். 1870-இல் மனைவி மரியா காலமானார். 1900-இல் எழுந்த பாக்ஸர் கலகத்தில் அம்மிஷனைச் சேர்ந்த பெரியோர் ஐம்பத்தெண்மரும் சிறுவர் இருபத்தொருவரும் கொல்லப்பட்டனர். நோயுற்றுச் சுவிட்சர்லாந்தில் இருந்த முதியவர் அச்செய்திகளால் நொறுங்குண்டார். ஆயினும் அம்மிஷன் இழப்பீட்டுப் பணம் கேட்கவில்லை. 1905-ஆம் ஆண்டு ஜூன் 3 அன்று, சீனாவின் சாங்ஷா நகரில் அவர் உயிர் துறந்தார். மரியாவின் கல்லறை அருகே அவரை அடக்கஞ்செய்தனர்.

அவர் எதிர்பார்த்த வருகை அவர் வாழ்நாளில் நிகழவில்லை. 1953-க்குள் அவரது மிஷனெரிகள் அனைவரும் சீனாவை விட்டு வெளியேற நேர்ந்தது. சீனத் திருச்சபையோ அழியாது நிலைத்தது. எனவே நாம் வினவவேண்டுவது முடிவு எப்பொழுது என்பதன்று. அது வருங்கால் நம் பெட்டியில் வீணே பூட்டப்பட்டிருப்பது யாது, நம் மேசையில் முடியாது கிடக்கும் பணி யாது என்பதே. புறப்படவிருப்பவன் தனக்கெனக் கூரை வேயமாட்டான். பின்வருவோரை நேசித்தால் அவர்க்கென வேய்வான். டெய்லர் வேய்ந்தது அத்தகைய கூரையே.