கீழ்ப்படிதலும் அமைதியும்



திருத்தந்தை புனித 23ஆம் யோவான் என்றதும் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமே நம் நினைவுக்கு வருகிறது. ஐந்து ஆண்டுகள்கூட நிறையாத அவரது திருத்தந்தைப் பணியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்கு முன் 28 ஆண்டுகள் அவர் திருப்பீடத்தின் தூதராகப் பணியாற்றியதை அதிகம் பேசுவதில்லை. அதில் முதல் 20 ஆண்டுகள் யாரும் விரும்பிக் கேட்காத இடங்களில் கழிந்தன.

ஆஞ்சலோ ஜுசெப்பே ரொங்காலி 1881 நவம்பர் 25 அன்று வட இத்தாலியில் பெர்கமோ அருகே சோத்தோ இல் மோந்தே என்ற சிற்றூரில், வாரத்துக்குப் பயிரிடும் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1904இல் குருவானார். ஆயரின் செயலர், குருமட ஆசிரியர், முதல் உலகப் போரில் படைவீரர்களின் ஆன்ம குரு எனப் பல பணிகள் செய்தார். தூதர்களுக்கான உரோமைக் கழகத்தில் அவர் படித்ததில்லை. ஆனாலும் 1925இல் பல்கேரியாவுக்குத் திருத்தூதுப் பார்வையாளராகச் செல்லும்படி பணிக்கப்பட்டார். அவ்வாண்டு மார்ச் 19, புனித யோசேப்பு பெருவிழாவன்று பேராயராக அருள்பொழிவு பெற்றபோது, கீழ்ப்படிதலும் அமைதியும் என்பதைத் தம் விருதுவாக்காகக் கொண்டார்.

ஏப்ரல் 16 அன்று சோஃபியா நகரின் ஆர்த்தடாக்ஸ் பேராலயத்தில் குண்டு வெடித்து 150க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். சில நாள்கள் கழித்து அங்கு வந்து சேர்ந்த ரொங்காலி, மருத்துவமனைக்குச் சென்று காயமடைந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் பெரும்பாலும் நம் சபையினர் அல்லர். அந்நாட்டில் கத்தோலிக்கர் மிகச் சிறு கூட்டம். சிதறிக் கிடந்த அம்மக்களைத் தேடி மலைக்கிராமங்களுக்கு அவர் குதிரையிலும் கழுதையிலும் போனார். கீழை வழிபாட்டு முறைக் கத்தோலிக்கருக்கு 1926இல் சொந்த ஆயர் கிடைக்க வழி செய்தார். 1928 நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்கு, எந்தச் சபையினர் என்று கேட்காமல் உணவளிக்க ஏற்பாடு செய்தார்.

ஆனால் அவர் மிகவும் விரும்பிய குருமடம் மட்டும் எழும்பவில்லை. நிலம் இருந்தது; உரோமையின் அனுமதி வரவில்லை. ஓராண்டு இரண்டாண்டு என்று நினைத்துப் போன பணி பத்தாண்டாக நீண்டது. தமக்கு வேதனை தந்தவர்கள் பல்கேரியர் அல்லர், திருச்சபையின் மைய அலுவலகங்களே என்று தம் ஆன்மிக நாட்குறிப்பில் அவர் எழுதிவைத்தார். இதைப் படிக்கும்போது நமக்கும் மனம் கனக்கிறது. தொலைதூரப் பங்கில் மறக்கப்பட்டதாக உணராத அருள்பணியாளர் குறைவு. அவரோ அதை வெளியில் முறையிடவில்லை. இடத்தை விட்டு ஓடவும் இல்லை.

அரசர் போரிஸ் விவகாரம் இன்னும் கசப்பானது. 1930இல் அசிசியில் கத்தோலிக்க முறைப்படி இளவரசி ஜொவான்னாவை மணந்த அரசர், சோஃபியாவில் மறுபடி ஆர்த்தடாக்ஸ் சடங்கு நடத்தினார். 1933இல் பிறந்த மகளுக்கும் ஆர்த்தடாக்ஸ் திருமுழுக்கே தரப்பட்டது. திருத்தந்தை 11ஆம் பத்திநாதரின் அதிருப்தியைத் தாங்க வேண்டியவராக ரொங்காலி இருந்தார். ஆயினும் அவர் அரசரைப் பகைத்துக்கொள்ளவில்லை. அந்த உறவு பின்னொரு நாள் பயன்பட்டது. 1943இல் யூதர்களுக்காக அவர் அதே அரசருக்குக் கடிதம் எழுதினார்.

அதற்குள் அவர் இஸ்தான்புல்லுக்கு மாற்றப்பட்டிருந்தார். 1935 முதல் துருக்கிக்கும் கிரீசுக்கும் அவரே திருத்தூதுப் பிரதிநிதி. துருக்கி அரசு அவருக்குத் தூதர் தகுதி எதுவும் தரவில்லை. சமய உடைகளைப் பொதுவிடத்தில் அணிவது தடை செய்யப்பட்டபோது, சாதாரணக் கோட்டும் தொப்பியும் அணிந்து நடந்தார். வழிபாட்டில் சில மன்றாட்டுகளைத் துருக்கி மொழியில் சொல்லச் செய்தபோது, சிலர் மனம் கசந்து எழுந்து போனார்கள். எந்தப் பங்கிலும் இது புதிதல்லவே! 1939இல் கான்ஸ்டாண்டிநோபிள் முதுபெரும் தந்தை பெஞ்சமினை நேரில் சென்று சந்தித்தார். அவரது தந்தையும் (1935) தாயும் (1939) இறந்தது இந்த ஆண்டுகளில்தான்.

போர் வந்தது. கிரீசில் மக்கள் பட்டினியால் மடிந்தபோது, தானியக் கப்பல்களை அனுமதிக்கும்படி நேசநாடுகளிடம் பேசத் திருப்பீடத்தைத் தூண்டினார். பாலஸ்தீனத்தில் குடியேற யூதர்களுக்கு உதவும் சான்றிதழ்களை 1944இல் புடாபெஸ்டிலிருந்த திருப்பீடத் தூதர் ஆஞ்சலோ ரோத்தாவுக்கு அனுப்பிவைத்தார். அவர் காப்பாற்றியவர்களின் எண்ணிக்கையைச் சில பக்தி நூல்கள் ஏற்றிச் சொல்கின்றன. அது தேவையில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்பாமல், தந்தி அடித்தும் கடிதம் எழுதியும் உழைத்தார் என்பதே நமக்குப் போதும்.

1944 டிசம்பரில் பாரிசுக்கு மாற்றல் என்ற தந்தி வந்தபோது, ஏதோ தவறு நடந்துவிட்டது என்றே நினைத்தாராம். அங்கும் சூழல் கடினம். விஷி அரசோடு ஒத்துப்போனதாகக் குற்றஞ்சாட்டி, இருபதுக்கும் மேற்பட்ட ஆயர்களை நீக்கக் கேட்டது புதிய அரசு. ரொங்காலி அவசரப்படாமல், ஒவ்வொருவருக்கும் எதிரான ஆதாரத்தைக் கேட்டார். முடிவில் பதவி விலகியவர் ஒரு சிலரே. சார்த்ர் அருகே ஜெர்மானியப் போர்க்கைதிகளுக்காக முள்வேலிக்குள் நடந்த குருமடத்துக்குப் பலமுறை போனார். நேற்றைய எதிரியின் பிள்ளைகள் என்று அவர்களை அவர் ஒதுக்கவில்லை.

1953 ஜனவரியில் கர்தினாலானபோது, பழைய மரபின்படி பிரான்சு அதிபர் அவருக்குச் சிவப்புத் தொப்பி அணிவித்தார். அந்த அதிபர் வின்சென்ட் ஓரியோல், கடவுள் நம்பிக்கை இல்லாத சோஷலிஸ்ட். இருவரும் நண்பர்கள்.

பின்னர் 71 வயதில் வெனிஸ் முதுபெரும் தந்தை ஆனார். நாடு நாடாக அலைந்தவருக்கு முதுமையில் ஒரு மறைமாவட்டத்தின் மேய்ப்புப்பணி கிடைத்தது. அங்கேயே தம் வாழ்வு முடியும் என்று எண்ணியிருந்தார். 1958 அக்டோபரில் புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்க உரோமைக்குப் புறப்பட்டவர், வெனிசுக்குத் திரும்பி வரவில்லை.